கடல்நீர் மீன்தொட்டியைப் பக்குவப்படுத்தல்

மீன் விடுமுன் கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டியவை

முன்னுரை

பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக வேலை தொடங்குமுன் கிடைக்கும் ஓய்வுக் காலத்தில் அலங்கார மீன் வளர்ப்பது பயனுள்ள வீட்டுத் தொழில்களுள் ஒன்றாகும். நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகிய கரையோரக் கமக்காரர் அடுத்துக் கடல்நீர் மீன்களையும் வளர்க்க விரும்புவது இயல்பே. கடல்மீன்கள் நிறத்திற் சிறந்தவை, விலையும் கூடியவை. ஆயினும் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி அமைப்போரிற் பலர் ஒரே வகையான நட்டத்தை அடைகின்றனர்.

தொட்டி வாங்கப்படுகின்றது, கடல்நீர் நிரப்பப்படுகின்றது, மறுநாளே மீன்கள் விடப்படுகின்றன. முதலிரு நாட்களும் அவை நன்றாக நீந்துகின்றன. பின்னர் உணவை வெறுக்கின்றன. நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள்கள் விரைவாக அடித்துக்கொள்கின்றன. ஒரு வாரம் கழியுமுன் ஒவ்வொன்றாக மடிந்துவிடுகின்றன. நீரோ கண்ணாடிபோலத் தெளிவாகவே காணப்படுகின்றது. ஆதலால் வளர்ப்பவர் மீன் விற்றவரைக் குறை கூறுகின்றார். அல்லது நோயென எண்ணி மருந்து வாங்கி ஊற்றுகின்றார். மீண்டும் பணஞ் செலவிட்டுப் புதிய மீன்களை விட, அவையும் அவ்வாறே மடிகின்றன.

இது நோயன்று. தொட்டி பக்குவப்படாமையே இதற்குக் காரணமாகும். நிலத்தைப் பண்படுத்தாது நாற்று நடும் கமக்காரர் எவருமிலர். அவ்வாறே தொட்டியைப் பக்குவப்படுத்தாது மீன் விடுதலுங் கூடாது. இப்பக்குவத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமுமே முக்கியமாக வேண்டப்படுவன.

தெளிந்த நீரில் உள்ள நஞ்சு

மீன்கள் தாம் உண்ணும் உணவிலுள்ள புரதத்தின் கழிவை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றன. உண்ணாது எஞ்சிய உணவும் மலமும் அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. விரிந்த கடலில் இது கலந்து மறைந்துவிடும். நூறு லீற்றர் நீருள்ள தொட்டியில் அது போவதற்கு வழியில்லை.

அமோனியா நீரில் இரு நிலைகளில் இருக்கும். ஒன்று அமோனியம், இது மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. மற்றது தனி அமோனியா. இது செவுள்களை எரித்து மீனைக் கொல்லவல்லது. இவ்விரண்டின் விகிதத்தை நிர்ணயிப்பன நீரின் பீ.எச். பெறுமானமும் வெப்பநிலையுமாகும். பீ.எச். 7 ஆகவுள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்குங் குறைவாகவே நச்சு நிலையில் இருக்கும். கடல்நீரின் பீ.எச். ஏறக்குறைய 8.2 ஆகும். நமது கரையோர வெப்பநிலையில் அங்கே நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை நச்சு நிலையில் இருக்கும். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொண்ட அதேயளவு கழிவு கடல்நீர்த் தொட்டியிற் பத்து மடங்கு கொடியதாவது இதனாலேயே. நன்னீர் மீன் வளர்ப்பிற் கைதேர்ந்தவர்களும் கடல்நீரில் தோல்வியுறுவதற்கு இதுவே முதற் காரணம்.

மண்ணிலும் தொட்டியிலும் நிகழும் ஒரே தொழில்

இந்நஞ்சை நீக்கும் வேலையைச் செய்வோர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களாவர். இவர்கள் கமக்காரருக்குப் புதியவர்களல்லர். மிளகாய்த் தோட்டத்துக்கு அமோனியம் சல்பேற்றோ யூரியாவோ இட்டால், அதிலுள்ள நைதரசனை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் படிப்படியாக மாற்றிப் பயிர் எளிதில் உறிஞ்சும் நைத்திரேற்றாக்குகின்றன. அதே தொழிலே மீன்தொட்டியிலும் நிகழ்கின்றது.

இது இரண்டு படிகளில் நடைபெறும். முதற்படியில் நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. இரண்டாம் படியில் நைத்திரோசுபைரா போன்றவை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பெயரில் நெருங்கிய இவ்விரண்டையும் மயங்காது கொள்ளுதல் வேண்டும். நைத்திரைற்று இடைப்பொருள், தீங்கானது. நைத்திரேற்று கடைப்பொருள், அளவோடு இருக்குமாயின் மீன்களாற் பொறுக்கத்தக்கது.

இத்தொழில் உயிர்களால் நடைபெறுவது என்பதை 1877 ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து அறிஞர்களான சுலோசிங், முன்சு என்னும் இருவர் மெய்ப்பித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயொன்றினூடாகக் கழிவுநீரை மெல்லச் செல்லவிட்டனர். ஏறக்குறைய இருபது நாட்கள் வரை அமோனியாவில் எவ்வித மாற்றமும் இல்லை. அதன் பின்னர் நைத்திரேற்றுத் தோன்றலாயிற்று. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுவிட்டது. பின்னர் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கிற்று. இப்பற்றீரியாக்களை முதன்முதலிற் பிரித்தெடுத்து 1890 ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தியவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி என்பவராவர். 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாற்றில் நகரக் கடல்வாழுயிர்க் காட்சிச்சாலையின் தொட்டியொன்றிலிருந்தே, இதே தொழிலைச் செய்யும் ஆர்க்கியா எனப்படும் வேறொரு குல நுண்ணுயிரும் பிரித்தெடுக்கப்பட்டது.

அக்குழாயில் அறிஞர்கள் கண்ட இருபது நாட் காத்திருப்பே இன்று புதிய தொட்டியிலும் காணப்படுகின்றது. அழுகச் செய்யும் சாதாரண பற்றீரியாக்கள் தக்க சூழலில் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களோ இரட்டிப்பாக அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். எனவே மீன் விட்ட அன்றே கழிவு தொடங்கிவிடுகின்றது. அதை நீக்கும் வேலையாட்கள் வந்துசேர ஒரு மாதமாகின்றது. இந்த இடைவெளியிலேதான் மீன்கள் மடிகின்றன. இவ்வேலையாட்களை முன்னரே பெருக்கிவைத்தலே பக்குவப்படுத்தல் எனப்படும்.

தொட்டியை ஆயத்தஞ் செய்தல்

முதன்முறை செய்பவர்கள் 100 லீற்றருக்குக் குறையாத தொட்டியைத் தெரிந்தெடுத்தல் நன்று. சிறு தொட்டியில் நீரின் தன்மை விரைவில் மாறிவிடும். கண்ணாடித் தொட்டியே சிறந்தது. புதிய சீமெந்துத் தொட்டியாயின், சுண்ணாம்புக் காரம் நீங்கும் வரை பல தடவை நீர் நிரப்பி ஊறவைத்து வெளியேற்றுதல் வேண்டும். செம்பு, நாகம் பூசிய தகரம் ஆகியவை கடல்நீரிற் படலாகாது.

கமக்காரர் இங்கே ஒரு விடயத்தில் மிக்க விழிப்பாயிருத்தல் அவசியம். பூச்சிகொல்லி கலந்த வாளி, தெளிகருவி, மருந்து வந்த வெற்றுப் பீப்பாய் ஆகியவற்றை எத்தனை தடவை கழுவினாலும் மீன்தொட்டி வேலைக்குப் பயன்படுத்தலாகாது. பயிர்ப் பூச்சியைக் கொல்லும் மருந்துகளிற் பல, மிகச் சிறிய அளவிலேயே மீனையும் இறாலையுங் கொல்லும். மருந்து தெளித்த நாளில் தொட்டியிற் கைவைத்தலும் தவறு. தொட்டிக்கெனத் தனி வாளியும் தனிக் குவளையும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவன அல்ல. பெரும்பாலும் கல், மணல், பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. எனவே அவை குடியிருக்கப் பரந்த மேற்பரப்பு வேண்டும். காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றும், அடியில் ஓரங்குலத் தடிப்புக்குக் கழுவிய சிறு கற்களும், அவித்து உலர்த்திய சிப்பி ஓடுகளும் போதியவை. சிப்பி ஓடு கல்சியங் காபனேற்றினால் ஆனது. அமோனியா மாறும்போது அமிலம் உண்டாகின்றது. தொடர்ந்து அமோனியம் சல்பேற்று இட்ட தோட்டமண் புளித்துப்போவதற்கும் இதுவே காரணம். ஒரு கிராம் அமோனியா நைதரசன் முழுவதும் மாறுவதற்கு ஏறக்குறைய ஏழு கிராம் கல்சியங் காபனேற்றுக்கு ஒப்பான காரத்தன்மை செலவாகும். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது எதற்கோ, அதற்கே தொட்டியிற் சிப்பி ஓடு இடுவதும் உதவுகின்றது. ஆயினும் சிப்பி ஓடு மெதுவாகவே கரைவதால், பீ.எச். அளவை வாரந்தோறும் பார்த்து வருதல் அவசியம்.

கடலிலிருந்து உயிருள்ள பவளத்தையோ பாறையையோ உடைத்தெடுத்து வருதலாகாது. பவளம் நமது நாட்டிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. மேலும் பவளப்பாறையே கரையை அலையரிப்பினின்று காக்கும் இயற்கை அணையுமாகும். மீன்களிலும் சில வகைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டுள்ளன. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

நீர் சேர்த்தல்

கடல்நீரை ஆற்று முகத்துவாரம், துறைமுகம், வடிகால் ஆகியவற்றுக்குத் தொலைவில், அலை அடங்கிய நாளில் எடுத்தல் வேண்டும். பெருமழைக்குப் பின் சில நாட்கள் எடுக்கலாகாது. வயல்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் கழுவிவந்த பசளையும் மருந்தும் அப்போது கரையோர நீரிற் கலந்திருக்கும். எடுத்த நீரைத் துணியால் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருட்டிற் சில நாட்கள் தெளியவைத்துப் பயன்படுத்துக. கடலுக்குத் தொலைவில் உள்ளோர் இதற்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்ளலாம். சமையலுப்பு அதற்கு ஈடாகாது.

நீரின் உப்பளவை அடர்த்திமானியால் அறியலாம். 1.023 முதல் 1.025 வரை காட்டுதல் நன்று. நிரப்பிய பின் நீர்மட்டத்தைத் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு கோடிட்டு வைத்துக்கொள்க. வெயிலிலும் காற்றிலும் நீர் மாத்திரமே ஆவியாகின்றது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது. ஆகவே குறைந்த நீரை நன்னீராலேயே ஈடுசெய்தல் வேண்டும். கடல்நீரால் ஈடுசெய்தால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

ஈடுசெய்யும் நன்னீரும் ஆராயப்படுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பகுதியிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையும் மலக்குழிக் கசிவும் அதற்குக் காரணங்களாகும். தொட்டிக்கெனச் சோதனைப் பொருள் வாங்கியவர்கள் தம் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தல் நலம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மிகுந்திருப்பின் சுத்திகரிப்பு நிலையங்களிற் பெறும் நீரையோ, தூய மழைநீரையோ தொட்டிக்குப் பயன்படுத்துக. குழாய் நீராயின், குளோரீன் நீங்க ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டுதல் வேண்டும்.

அமோனியா இடுதல்

தொட்டி நிரம்பி, பம்பி ஓடத் தொடங்கிய மறுநாள் முதல் பற்றீரியாக்களுக்கு உணவிடுதல் தொடங்கும். மீனை விட்டு அதன் கழிவால் உணவூட்டும் பழைய முறை மீனை வதைப்பதாகும், அது கைக்கொள்ளத்தக்கதன்று.

தூய அமோனியம் குளோரைட்டு இதற்கு ஏற்றது. நவச்சாரம் என்பதும் இதுவே; ஆயினும் ஈயம் பற்றவைப்பதற்குக் கடையில் விற்கப்படும் நவச்சாரத்திற் பிற பொருள்கள் கலந்திருக்கலாமாதலால், ஆய்வுகூடத் தரமுள்ள தூய பொருளையே வாங்குதல் வேண்டும். களஞ்சியத்திலுள்ள யூரியா, அமோனியம் சல்பேற்று, கலவைப் பசளை ஆகியவற்றை ஒருபோதும் தொட்டியில் இடலாகாது.

சிறு அளவை நிறுத்தல் கடினமாகையால் பின்வருமாறு செய்க. ஒரு லீற்றர் தூய நீரில் 6 கிராம் அமோனியம் குளோரைட்டைக் கரைத்துப் போத்தலில் அடைத்து, பெயரெழுதிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். இக்கரைசலில் 100 மில்லிலீற்றரை 100 லீற்றர் தொட்டிநீரிற் சேர்த்தால், அமோனியா லீற்றருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் ஆகும். இதுவே ஒரு முழு அளவு.

அதிகம் இட்டால் விரைவிற் பக்குவமாகும் என எண்ணுதல் தவறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அமோனியா லீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால், இரண்டாம் படியைச் செய்யும் பற்றீரியாக்கள் தடைப்படுகின்றன.

நன்றாக நடைபெறும் பழைய கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி கற்களோ பஞ்சுத் துண்டோ கிடைக்குமாயின், அதனைப் புதிய தொட்டியில் இடுக. பாலுக்கு உறைமோர் இடுவது போன்றதே இது. காத்திருக்கும் நாட்கள் பெரிதும் குறையும். ஆயின் அந்தத் தொட்டியில் மீன்நோய் இருந்திருக்கலாகாது. நன்னீர்த் தொட்டியின் கற்கள் இதற்கு உதவா.

இக்காலத்தில் வெளிச்சம் வேண்டியதில்லை. விளக்கேற்றினாலும் வெயில் பட்டாலும் பாசி படரும். காற்றோ இரவு பகலாக வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்றுவதற்கு ஏறக்குறைய நாலரைக் கிராம் ஒட்சிசன் செலவாகும். வெப்பநிலை 25 முதல் 30 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. கரையோரங்களில் இது தானாகவே அமையும். மலைநாட்டில் நீரை வெப்பமூட்டுங் கருவி தேவைப்படும்.

வாரந்தோறும் காணும் மாற்றங்கள்

அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பீ.எச். ஆகிய நான்கையும் அளக்கும் கடல்நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்று இன்றியமையாதது. மீன் வாங்குமுன் இதனை வாங்குதல் வேண்டும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அளந்து, திகதியோடு குறித்து வருக.

முதலாம் வாரம்: அமோனியா இட்டபடியே நிற்கும். நைத்திரைற்றுக் காணப்படாது. ஏதும் நிகழவில்லையெனத் தோன்றும். விதைத்த மறுநாள் மண்ணைக் கிண்டிப் பார்ப்பதாற் பயனில்லை; இங்கும் அவ்வாறே. மேலும் அமோனியா இடவேண்டாம்.

இரண்டாம் வாரம்: அமோனியா குறையத் தொடங்கும், நைத்திரைற்றுத் தோன்றும். முதற்படிப் பற்றீரியாக்கள் வந்துவிட்டன என்பது பொருள். அமோனியா லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே வந்ததும் மீண்டும் ஒரு முழு அளவு இடுக.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: அமோனியா ஓரிரு நாளில் மறையும். நைத்திரைற்றோ மிக உயர்ந்து நிற்கும். இதுவே பொறுமையைச் சோதிக்குங் காலம். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அரை அளவு மாத்திரம் இடுக. நைத்திரைற்றுச் சோதனையின் நிறம் அட்டையின் இறுதி நிறத்தையுங் கடந்துவிட்டால், அது குறையும் வரை இடுவதை நிறுத்துக. இவ்வேளையில் நைத்திரேற்றுச் சோதனை காட்டும் அளவை நம்பவேண்டாம். நைத்திரைற்று மிகுந்திருந்தால் அது பொய்யாக உயர்த்திக் காட்டும்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: ஒருநாள் நைத்திரைற்று விரைந்து வீழ்ச்சியுற்று, நைத்திரேற்றுத் தெளிவாகக் காணப்படும். இரண்டாம் படிப் பற்றீரியாக்களும் நிலைபெற்றன என்க.

இந்நாட்கள் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும். நாட்காட்டியை நம்பாது சோதனையையே நம்புதல் வேண்டும். பல நாட்கள் மாற்றமின்றி நின்றுவிடுமாயின் முதலிற் பீ.எச். அளவைப் பார்க்க. 7.5 க்குக் கீழே இறங்கியிருந்தால் நீரிற் பாதியை மாற்றுக. பீ.எச். சரியாக இருப்பின், ஒரு சிட்டிகை மீனுணவு இடுக. நைதரசன் மாத்திரம் இட்ட வயல் பொசுபரசு இன்றி விளையாததுபோல, பற்றீரியாக்களுக்கும் சிறிதளவு பொசுபேற்று வேண்டும்.

பக்குவத்தை உறுதிசெய்தல்

பக்குவத்தை அறியும் சோதனை எளியது. காலையில் ஒரு முழு அளவு அமோனியா இடுக. மறுநாள் அதே நேரத்தில் அளக்குக. அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் இல்லையெனக் காட்டினால், தொட்டி அந்தக் கழிவை ஒரே நாளில் நீக்கும் ஆற்றல் பெற்றுவிட்டது. இச்சோதனையை மேலும் ஒருமுறை செய்து உறுதிப்படுத்துக. இரண்டில் ஒன்றேனும் சிறிது காணப்பட்டால், இன்னும் காத்திருத்தல் வேண்டும்.

பின்னர் நைத்திரேற்றை அளக்குக. ஒவ்வொரு முழு அளவு அமோனியாவும் லீற்றருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் நைத்திரேற்றாக மாறியிருக்கும். ஆறு தடவை இட்டிருப்பின் 40 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருக்கும். நெல்வயலில் இத்தகைய நைத்திரேற்று, நீர் தேங்கிய சேற்றின் காற்றில்லாத கீழ்ப்படைக்கு இறங்கி, அங்குள்ள வேறு பற்றீரியாக்களால் நைதரசன் வாயுவாகி வெளியேறிவிடும். நெல்லுக்கு நைத்திரேற்றுப் பசளை பயன் குறைந்ததாவதும், அமோனியப் பசளையைச் சேற்றுடன் கலந்து இடுமாறு கூறப்படுவதும் இதனாலேயே. காற்று நிறைந்த சிறு தொட்டியிலோ அவ்வாறு வெளியேறுவது சிறிதே. எனவே நீரை மாற்றுவதே வழி. பாதி நீரை மாற்றினால் நைத்திரேற்றும் பாதியாகும். 20 மில்லிகிராமுக்குக் கீழே வரும் வரை மாற்றுக.

மீன் விடுதல்

நீர் மாற்றிய ஓரிரு நாட்களுள் மீன் விடுதல் வேண்டும். தாமதமாகுமாயின், பற்றீரியாக்கள் பட்டினி கிடவாதிருக்க இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கால் அளவு அமோனியா இட்டு வருக.

முதலில் இரண்டு சிறு மீன்களுக்கு மேல் விடலாகாது. தொட்டியில் வளர்த்துப் பெருக்கப்பட்ட கோமாளி மீன் புதியவர்களுக்கு ஏற்றது. கடலிற் பிடித்த மீனிலும் அது தொட்டி வாழ்வைத் தாங்கும். மீன் வந்த பையை இருபது நிமிடம் தொட்டிநீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துக. பின் தொட்டிநீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் பையிற் சேர்த்து, மீனை மாத்திரம் எடுத்து விடுக. பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

முதல் வாரம் நாள்தோறும் அமோனியாவை அளத்தல் வேண்டும். சிறிதேனும் காணப்பட்டால் உணவை நிறுத்தி, நீரிற் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றுக. ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுத்தல் வேண்டும். ஒரு மாதம் காத்திருந்து பக்குவப்படுத்திய தொட்டியை ஒரே நாளிற் பத்து மீன் விட்டுக் கெடுப்போரும் உளர். பற்றீரியாக்களின் தொகை கிடைக்கும் உணவுக்கேற்பவே பெருகும். ஆதலால் அடுத்த மீனை இரண்டு வாரங்களின் பின்னரே சேர்த்தல் நன்று.

பற்றீரியாக்களைக் காத்தல்

வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவினால் பற்றீரியாக்கள் மடியும். நீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டிநீரிலேயே அதனை மெதுவாகப் பிழிந்து கழுவுக. கல்லையும் பஞ்சையும் ஒரே நாளிற் கழுவலாகாது. நோய் மருந்துகளைத் தொட்டியில் நேரே ஊற்றாது, நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி மருந்திடுக. மின்சாரம் தடைப்படும்போது காற்றின்றிப் பற்றீரியாக்களும் மீன்களும் ஒருங்கே துன்புறும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பியொன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் அறிவுடைமை.

உப்புநீரும் பயிர்நிலமும்

இப்பகுதியைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நன்னீர் மீன்தொட்டியின் கழிவுநீர் பயிருக்கு நல்ல பசளையாகும். அப்பழக்கத்தாற் கடல்நீர்த் தொட்டியின் நீரையும் தோட்டத்துக்கு ஊற்றிவிடலாகாது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. 50 லீற்றர் நீரை மாற்றும்போது வெளியேறும் உப்பு ஒன்றே முக்காற் கிலோகிராம் ஆகும். மண்ணின் உப்பளவைக் குறிக்கும் மின்கடத்து திறன் மீற்றருக்கு 3 தெசிசீமன் என்னும் அளவைத் தாண்டியதும் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்குகின்றது. மிளகாய்க்கு இவ்வெல்லை ஏறக்குறைய 1.5; வெங்காயத்துக்கு 1.2, போஞ்சிக்கு 1. கடல்நீரின் அளவோ 50 ஐயும் தாண்டியது. மேலும் கிணற்றருகே ஊற்றிய உப்பு நிலத்தடி நீரை அடையும். சுண்ணக்கல் நிலத்தில் விரைவாகவே அடையும். ஒரு மீன்தொட்டிக்காக ஒரு கிணற்றை இழத்தல் எவ்வகையிலும் பொருந்தாது. வெளியேற்றும் நீரைக் கிணற்றுக்கும் பயிருக்கும் தொலைவில், கடற்கரை மணலிலோ ஏற்கெனவே உவராகிய தரிசு நிலத்திலோ விடுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. நீரின் தெளிவு நன்மைக்கு அடையாளமன்று, சோதனையே அடையாளம்.
2. மருந்து தெளிக்கும் பாத்திரங்கள் தொட்டியருகே வரலாகாது.
3. 100 லீற்றருக்கு ஒரு முழு அளவுக்கு மேல் ஒருமுறையில் அமோனியா இடலாகாது.
4. ஒரு நாளில் அமோனியாவும் நைத்திரைற்றும் முற்றாக மறைந்த பின்னரே மீன் வாங்குக.
5. முதலில் இரண்டு மீன். இரண்டு வாரத்தின் பின் அடுத்தது.
6. குறைந்த நீருக்கு நன்னீர். மாற்றும் நீருக்குக் கடல்நீர்.
7. உப்புநீர் பயிருக்கும் கிணற்றுக்கும் ஆகாது.

முடிவுரை

மண்ணில் உழைக்கும் அதே நுண்ணுயிர்களே நீரிலும் உழைக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய இருப்பிடம், காற்று, உணவு, காலம் ஆகிய நான்கையும் அளித்தவருக்குத் தொட்டி நெடுங்காலம் பயன்தரும். காலத்தை மாத்திரம் கொடுக்க மறுப்பவர் ஏனைய மூன்றுக்கும் செய்த செலவை இழப்பர். பதறாத காரியம் சிதறாது. நாற்றுமேடையிற் காட்டும் பொறுமையைத் தொட்டியிலும் காட்டும் கமக்காரர், முதல் மீனை வாங்கும் நாளில் அது வாழும் என்னும் உறுதியோடு வாங்கலாம்.